மருந்தோடு பாடமும் வேண்டும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், போனஸ், வீடு, தண்ணீர் ஆகியவற்றைப் பேசுவதுதான் வழக்கம். அவற்றைப் பேசத்தான் வேண்டும். ஆனால் இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் ஆஸ்பத்திரி. அங்கே மருந்து கிடைக்கிறதா, கட்டில் இருக்கிறதா என்று பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று வேறொரு கேள்வி கேட்கிறோம். அங்கே நோயாளிக்குப் பாடம் கிடைக்கிறதா? அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கும் வித்தையை டாக்டருக்கும் தாதிக்கும் மருத்துவ உதவியாளருக்கும் யாராவது பழக்கி விடுகிறார்களா?

இது நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இது நமது உயிரையும் கால் கைகளையும் பற்றிய விஷயம் என்பதைச் சற்றுப் பொறுமையோடு கேட்டால் விளங்கும்.

நமது பாட்டன்மார் இந்நாட்டுக்கு வந்த காலத்தில் அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது மலேரியாக் காய்ச்சல். 1901-ம் ஆண்டு கிள்ளானுக்கு அரசாங்க டாக்டராக வந்த மால்கம் வாட்சன், கொசு வளரும் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிய விடச் செய்தார். கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. பிறகு தோட்டங்களிலும் அந்த முறை பரவியது. பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கொய்னா கொடுத்ததும் அந்தக் காலம்தான். 1967-ல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 2018-ம் ஆண்டில், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா ஒன்றுகூடப் பதிவாகவில்லை. குரங்கிலிருந்து வரும் மலேரியா மட்டும் காட்டோரங்களில் இன்னும் மிரட்டிக் கொண்டிருக்கிறது.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கால்வாய் வெட்டுவதற்குத் தொழிலாளியின் சம்மதமோ அறிவோ தேவைப்படவில்லை. அவன் ஏன் என்று அறியாமலே கொசு செத்தது. வாயில் கொய்னாவைப் போட்டு விழுங்கு என்று அதட்டினால் போதும் என்று நிர்வாகம் எண்ணியது.

இன்று நம்மை அரிக்கிற நோய்கள் அப்படிப்பட்டவை அல்ல. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றுக்குக் கால்வாய் வெட்ட முடியாது. 2019-ம் ஆண்டு அரசாங்கம் எடுத்த சுகாதார ஆய்வில், வயது வந்த மலேசியரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் கணக்கிட்டால் நூற்றுக்கு 31 பேர். 2023-ம் ஆண்டு ஆய்வில் நாட்டின் கணக்கு நூற்றுக்கு 15.6 என்று வந்தது. அதுவும் ஆறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கை ஒட்டியதே. இந்த நோயாளி டாக்டரைப் பார்ப்பது சில மாதங்களுக்கு ஒரு முறை, சில நிமிஷங்கள். மற்ற நாளெல்லாம் அவனுக்கு அவனேதான் டாக்டர். அவன் மனைவியே தாதி. அந்த வீட்டு டாக்டருக்கும் வீட்டுத் தாதிக்கும் பாடம் சொல்லாமல் மாத்திரையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால் பாதி வைத்தியம்தான் நடந்தது என்று பொருள்.

ஓர் உதாரணம் சொல்வோம். மாத்திரைப் பையில், காலை ஒன்று, மாலை ஒன்று, சாப்பாட்டுக்கு முன் என்று எழுதியிருக்கிறது. மரம் சீவும் தொழிலாளி விடியுமுன் எழுகிறார். கடுங்காப்பியைக் குடித்து, மாத்திரையையும் போட்டுக்கொண்டு நிரைக்குப் போய் விடுகிறார். பசியாறுவது ஒன்பது மணிக்கோ பத்து மணிக்கோ. இன்சுலினும் சில வகை நீரிழிவு மாத்திரைகளும், சாப்பாடு தாமதமானால் ரத்தத்திலுள்ள சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கி விடும். உடல் வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். மரத்துக்கு மரம் ஓடுகிறவர் வியர்ப்பதை யார் நோயென்று நினைப்பார்? மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் உட்கார்ந்து, தெளியாவிட்டால் மறுபடியும் குடித்து, பிறகு ஆகாரம் உண்ண வேண்டும் என்று ஒருவர் சொல்லி வைத்திருந்தால் அந்த ஆபத்து விலகியிருக்கும். நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று மருந்து கொடுத்தவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஆபத்தே வந்திராது. மருந்தின் வகையையோ நேரத்தையோ டாக்டர் மாற்றிக் கொடுத்திருப்பார்.

இன்னோர் உதாரணம் சயரோகம். சாதாரணமாக அதற்கு ஆறு மாத வைத்தியம். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பின் நாலு மாதம் இரண்டு மருந்து. அவற்றுள் ரிஃபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரைச் சிவந்த ஆரஞ்சு நிறமாக்கும். அது கெடுதல் அல்ல. ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், ரத்தம் போகிறது என்று பயந்து நோயாளி மருந்தையே நிறுத்தி விடுவான். மேலும் சில வாரங்களில் இருமல் தணிந்து உடம்பு தேறும். நோய் போய்விட்டது என்று எண்ணி விட்டுவிட்டால், மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறக்கூடும். அப்போது நோயாளியைப் பார்த்து, சொன்னதைக் கேட்காதவன் என்று கோபிக்கிறார்கள். சொன்னார்களா என்பதே நமது கேள்வி.

சொல்லிக் கொடுத்தால் ஏழையாலும் முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 1956-ல் அங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில், டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்பவர் தலைமையில் 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை ஆஸ்பத்திரியிலும் மறு பிரிவை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு வைத்தியம் செய்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நகரத்து ஏழை மக்கள். நெருக்கமான குடியிருப்பு, குறைந்த ஆகாரம். ஆயினும் 1959-ல் முடிவு வெளியானபோது, வீட்டு வைத்தியம் ஆஸ்பத்திரி வைத்தியத்துக்கு ஏறக்குறைய ஈடாக இருந்தது கண்டு உலகமே வியந்தது. வெறும் மருந்தால் மட்டும் வந்த வெற்றி அல்ல அது. ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள், மருந்து உட்கொள்ளப்படுகிறதா என்று சோதித்தார்கள், விடாமல் எடுத்துச் சொன்னார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு விஷயத்தை அறிந்திருப்பது வேறு, அதைப் பிறருக்குப் பழக்கி விடுவது வேறு. நமக்கு இது நன்றாகத் தெரிந்த உண்மை. புதிதாக வந்த ஆளுக்கு மரம் சீவப் பழக்குவது எப்படி? பட்டையை இந்தச் சாய்வில் சீவ வேண்டும், உள்மரத்தில் கத்தி படக்கூடாது, சீவல் மெல்லியதாக இருக்க வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டு, புரிந்ததா என்று கேட்டு, நல்ல மரத்தை யாராவது அவனிடம் ஒப்படைப்பார்களா? பழைய மரத்தில் கத்தியைக் கொடுத்துச் சீவச் சொல்வார்கள். பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். தவறினால் கையைப் பிடித்துத் திருத்துவார்கள். கை பழகிய பிறகே நிரை கொடுப்பார்கள். ரப்பர் மரத்தின் பட்டைக்குக் காட்டும் இந்த அக்கறையை மனிதனின் உடம்புக்குக் காட்டக் கூடாதா?

டாக்டருக்கும் தாதிக்கும் உடற்கூறு தெரியும், மருந்து தெரியும். அவர்கள் பல ஆண்டுகள் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவர்கள். ஆனால் எழுத்தறியாத ஒரு மூதாட்டிக்கு ஊசி போட்டுக்கொள்ளப் பழக்குவது எப்படி என்பதை அதே அக்கறையோடு அவர்களுக்குப் பழக்குவது குறைவு. 1998-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு இதைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது. மருத்துவ ஊழியர்கள் நோயாளியிடம் நோயைப் பற்றிப் பேசுகிறார்களே தவிர, அதை அன்றாடம் சமாளிக்க அவனைப் பழக்குவதில்லை என்று அது சுட்டிக்காட்டியது. ஆகவே நோயாளிக்குக் கற்பிக்கும் தொழிலை ஊழியருக்கு முறையாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது.

இந்த எண்ணம் பழமையானதே. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் எலியட் ஜோஸ்லின், இன்சுலின் கண்டுபிடிக்கப்படுமுன்பே, 1918-ல், டாக்டருக்கும் நோயாளிக்கும் சேர்த்து ஒரே நீரிழிவுக் கைப்புத்தகம் எழுதினார். நோயாளியின் வீட்டுக்கே போய்க் கற்பிக்கத் தாதியரைப் பழக்கினார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஏழைகள் வரும் ஒரு பொது ஆஸ்பத்திரியில், டாக்டர் லியோனா மில்லர் என்ற அம்மையார் நோயாளிகளுக்குப் பாடமும், சந்தேகம் கேட்கத் தொலைபேசி வசதியும் ஏற்பாடு செய்தார். நினைவிழந்த நிலையில் வரும் நீரிழிவு நோயாளிகளின் தொகை மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததாக 1972-ல் எழுதினார். ஏழைக்குப் பாடம் ஏறாது என்ற வாதம் அன்றே அடிபட்டுப் போயிற்று.

அப்படியானால் ஊழியருக்கு என்ன பயிற்சி வேண்டும்? சுருக்கமாகச் சொல்வோம்.

முதலாவது, பேசுமுன் கேட்கப் பழக வேண்டும். என்ன வேலை, எப்போது சாப்பாடு, வீட்டில் யார் சமைப்பது, மருந்தைப் பற்றி என்ன பயம் என்று அறியாமல் ஆரம்பிக்கிற பாடம் காற்றில் போய்விடும்.

இரண்டாவது, கொஞ்சமாகச் சொல்லப் பழக வேண்டும். ஒரே மூச்சில் முப்பது புத்திமதி சொன்னால் வாசலைத் தாண்டுமுன் பாதி மறந்து போகும். அவசியமான இரண்டு மூன்றை இன்று சொல்லி, மற்றதை அடுத்த முறை சொல்வதே நலம்.

மூன்றாவது, செய்து காட்டி, செய்யச் சொல்லிப் பார்க்கப் பழக வேண்டும். ஊசி போடுவதானாலும், புண்ணைக் கழுவுவதானாலும், மூச்சுமுட்டலுக்கு உறிஞ்சும் மருந்தானாலும், நோயாளியின் கை அதைச் செய்ய வேண்டும்.

நாலாவது, திருப்பிச் சொல்லக் கேட்கப் பழக வேண்டும். நாலிலும் தலையாயது இதுவே. புரிந்ததா என்று கேட்டால் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்? புரிந்தது ஐயா என்று தலையாட்டுவார்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதாகுமே என்ற கூச்சம், படிக்காதவன் என்று நினைத்து விடுவார்களே என்ற வெட்கம். ஆகவே, நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள் என்று கேட்பதே முறை. அப்போது பரீட்சை நோயாளிக்கு அல்ல, சொன்னவருக்கு. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொது ஆஸ்பத்திரியில் நடத்திய ஆராய்ச்சி 2003-ல் வெளியானது. டாக்டர்கள் புதிதாகச் சொன்ன நூறு விஷயங்களில் சுமார் 12-ஐ மட்டுமே நோயாளி புரிந்துகொண்டாரா என்று சோதித்துப் பார்த்தார்கள். அவ்வாறு சோதித்த டாக்டர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது.

இந்த நாலையும் புத்தகத்தில் படித்தால் போதாது. புதிய தாதி நோயாளிக்குச் சொல்லிக் கொடுப்பதை அனுபவமுள்ள தாதி பக்கத்தில் இருந்து கவனித்துத் திருத்த வேண்டும். மருந்து அளவில் தவறினால் பரீட்சையில் தேறாதது போல, நோயாளிக்குப் பழக்கத் தெரியாவிட்டாலும் தேறக்கூடாது என்ற விதி வரவேண்டும்.

நிற்க. ஆஸ்பத்திரியில் பாடம் நோயாளிக்கு மட்டுமல்ல, ஊழியருக்குள்ளும் நடக்க வேண்டும். வியன்னா நகர ஆஸ்பத்திரியில் 1847-ல் டாக்டர் செம்மல்வைஸ் என்பவர், பிணப் பரிசோதனை செய்த கையைச் சுண்ணாம்புக் குளோரின் நீரில் கழுவாமல் பிரசவம் பார்ப்பதே தாய்மாரின் சாவுக்குக் காரணம் என்று கண்டார். ஏப்ரல் மாதத்தில் நூறு தாய்மாரில் 18 பேர் இறந்த அதே பிரிவில், கை கழுவத் தொடங்கியபின் ஜூன் மாதத்தில் சுமார் 2 பேராகக் குறைந்தது. உண்மை அவர் பக்கம் இருந்தது. ஆனால் அதைச் சக டாக்டர்கள் மனத்தில் பதிய வைக்க அவரால் முடியவில்லை. தம் நூலை வெளியிடவே 1861 வரை சென்றது. இடையில் எத்தனை தாய்மார் மாண்டனர்! கண்டுபிடித்தவனுக்குக் கற்பிக்கும் வழியும் வாய்க்காவிட்டால் கண்டுபிடிப்பு தூங்கிக் கிடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இன்றும் படுக்கை விரிக்கும் ஆயாவுக்கும் தரை துடைக்கும் தொழிலாளிக்கும், ஊசி குத்தினால் என்ன செய்வது, எந்தக் குப்பையை எங்கே போடுவது என்று ஏன், எதற்கு என்பதோடு சொல்லிக் கொடுக்க வேண்டும். உத்தரவு போடுவது கற்பித்தல் ஆகாது.

அடுத்தது மொழி. வயதான நம் தாய்மார் பலருக்குத் தமிழே கைவந்த மொழி. ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்தவர் இல்லாதபோது, பள்ளிக்கூடத்துப் பிள்ளையை மொழிபெயர்க்க நிறுத்துகிறார்கள். பத்து வயதுப் பெண் தன் தாயின் கர்ப்பப்பை நோயை எப்படி எடுத்துச் சொல்வாள்? தாய்தான் மகள் முன்னிலையில் எதைச் சொல்வாள்? இன்று தோட்டங்களில் நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசியருக்கும் வங்காளதேசத்தாருக்கும் நேப்பாளியருக்கும் இதே கஷ்டம். அவர்களும் தொழிலாளிகளே. நமது பாட்டன்மார் அன்று நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். தமிழுக்காகக் கேட்கும்போது அவர்கள் மொழிக்காகவும் கேட்பதே தொழிற்சங்க தருமம்.

இதற்கு இரண்டு ஆட்சேபம் வரும். ஒன்று, நேரம் இல்லை என்பது. கூட்டம் நெருக்குகிறது என்பது மெய்தான். ஆனால் திருப்பிச் சொல்லக் கேட்க ஆவது சில நிமிஷம். கேளாததால் புண் புரையோடித் திரும்பி வருகிறவனுக்கு ஆவது பல வாரம், சில சமயம் ஒரு கால். எது அதிகச் செலவு? மற்றொன்று, தோட்டத்து ஆட்களுக்குப் படிப்பில்லை, சொன்னால் ஏறாது என்பது. 2019-ம் ஆண்டு அரசாங்க ஆய்வில், சுகாதார விஷயங்களை விளங்கிக் கொள்ளும் திறன் குறைந்தவர்கள் நாட்டில் மூன்றில் ஒருவர் என்று கண்டார்கள். மூன்றில் ஒருவருக்கு விளங்கவில்லை என்றால் குறை மாணவனிடமா, பாடம் நடத்தும் முறையிலா? பட்டையின் கனத்தை இருட்டில் கத்தி முனையால் அறிகிறவனுக்குப் பாடம் ஏறாது என்பதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

நாம் தாதியரையும் மருத்துவ உதவியாளரையும் குற்றம் சாட்டவில்லை. அவர்களும் ஓய்வின்றி உழைக்கும் தொழிலாளிகளே. தோட்டத்து டிரசரைச் சட்டப்படி பதிவு செய்ய 1965-ல் தனிச் சட்டம் வந்தது. புண் கட்டவும் மருந்து கொடுக்கவும் தெரிந்தவர் என்ற உறுதியை அது நாடியது. கற்பிக்கவும் தெரிந்தவர் என்ற உறுதியையும் இன்று சேர்த்துக் கேட்பது அவர்களுக்கு எதிரானது அல்ல. அந்தப் பயிற்சியும் அதற்கான நேரமும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவர்களுக்காகவும் நாம் எழுப்பும் குரல்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. மருத்துவ ஊழியர் பயிற்சியில் நோயாளிக்குக் கற்பிக்கும் முறை தனிப் பாடமாகவும் செய்முறைப் பரீட்சையாகவும் இருக்க வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கும் அந்தப் பயிற்சியைச் சம்பளத்தோடு கூடிய வேலை நேரத்திலேயே கொடுக்க வேண்டும். மருந்துக் குறிப்பு நோயாளி அறிந்த மொழியிலும் படத்திலும் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிகளில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும். தோட்டந்தோறும் ஒரு கிராணிக்கும் ஒரு தாய்க்கும், மயக்கம், பாதப் புண், சயரோக மருந்து ஆகியவற்றை அறிந்து அண்டை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லப் பயிற்சி தர வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நம் பங்கை இன்றே தொடங்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மரம் சீவப் போகும் நேரத்தையும் பசியாறும் நேரத்தையும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தாமே நிறுத்தி விடாமல் போய்க் கேளுங்கள். எனக்கு என்ன நோய், நான் என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்ற மூன்று கேள்விக்கும் விடை கிடைக்காமல் எழுந்து வராதீர்கள். கடைசியாக, மிஸ்ஸி, நீங்கள் சொன்னதை ஒரு முறை திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள் என்று நீங்களே சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கிராணிமார்களே, எழுதப் படிக்கத் தெரியாத தோழரின் மருந்துப் பையைப் பார்த்துப் படித்துச் சொல்வது உங்களுக்கு ஐந்து நிமிஷ வேலை. அவருக்கு அது ஆயுள்.

கூலியை உயர்த்தக் கேட்டபோது, கேட்கத் தெரியாதவர்கள் என்று நம்மை எண்ணியிருந்தார்கள். சங்கம் கேட்கக் கற்றுக் கொடுத்தது. ஆஸ்பத்திரியிலும் கேட்கக் கற்போம். சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஊழியரும், கேட்டுத் தெரிந்துகொள்ளத் துணிந்த தொழிலாளியும் எதிரெதிரே உட்காரும்போதுதான் வைத்தியம் முழுமை பெறும். அந்த நாளுக்காக ஒன்றுபட்டு உழைப்போம்.